டொயோட்டா ரீகால் 2009–10: மக்கள் கோபமும் அமெரிக்க அரசியலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2009 செப்டம்பரில் தொடங்கி 2010 வசந்த காலம் வரை, "தானாக வேகமெடுக்கிறது" என்ற புகாரின் பேரில் டொயோட்டா உலகம் முழுக்க 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைப் பழுது நீக்கத் திரும்ப அழைத்தது; இதைத்தான் ரீகால் என்பார்கள். அமெரிக்காவில் அது தொழில்நுட்பச் சிக்கலாக மட்டும் நிற்கவில்லை. காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) விசாரணை, அபராதம், குற்ற வழக்கு, நாசா ஆய்வு என்று நான்கைந்து ஆண்டுகள் நீண்டது. எந்தப் பழுது உண்மை, எது நிரூபணமாகவில்லை, யார் எதை மறைத்தார்கள் என்பதெல்லாம் இன்றும் கலந்துகட்டியே பேசப்படுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்கான பக்கம் இது.

இது எப்படித் தொடங்கியது?

2009 ஆகஸ்ட் 28 அன்று கலிபோர்னியாவில் சான் டியாகோவுக்கு அருகே சான்டி என்ற ஊரில் ஒரு லெக்ஸஸ் இஎஸ்350 கட்டுப்பாட்டை இழந்து மோதித் தீப்பற்றியது. ஓட்டியவர் பணியில் இல்லாத நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி. அவரும் உடன் வந்த குடும்பத்தினர் மூவரும் இறந்தார்கள். காரில் இருந்தவர்களில் ஒருவர் அவசர எண் 911-ஐ அழைத்து, ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டது, பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு அறுந்துபோனது. அந்த ஒலிப்பதிவு தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஒலிபரப்பானது. மக்கள் மனத்தில் இந்த விவகாரத்தைப் பதியவைத்தது எந்த அறிக்கையும் அல்ல, அந்தப் பதிவுதான்.

கார் அவர்களுடையது அல்ல. சொந்தக் கார் சர்வீஸில் இருந்ததால் டீலர் தற்காலிகமாகக் கொடுத்தது. அதில் ஓட்டுநரின் காலடியில் போட்டிருந்த கனமான ரப்பர் மேட் வேறொரு லெக்ஸஸ் எஸ்யூவிக்கு உரியது. அளவு பெரியது, கொக்கியிலும் மாட்டப்படவில்லை. விபத்துக்குப் பின் பார்த்தபோது ஆக்சிலரேட்டர் பெடலின் அடிமுனை அந்த ரப்பரோடு உருகி ஒட்டியிருந்தது. சில நாள்களுக்கு முன் அதே காரை எடுத்துச் சென்ற இன்னொரு வாடிக்கையாளர், மேட்டில் பெடல் சிக்கியதாக டீலரிடம் சொல்லியிருந்ததும் விசாரணையில் தெரியவந்தது.

மேட் சிக்கலும் "ஒட்டிக்கொள்ளும் பெடல்" சிக்கலும் ஒன்றா?

இல்லை. இரண்டும் வேறு வேறு. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது மேட். பெடலை முழுக்க மிதித்தால் அதன் அடிமுனை தரையை நெருங்கும். மேட் முன்னால் நகர்ந்திருந்தால் அதன் விளிம்பிலோ ரப்பர் வரப்பிலோ பெடல் மாட்டிக்கொண்டு, காலை எடுத்த பிறகும் முழு வேகத்திலேயே நின்றுவிடும். 2009 செப்டம்பர் 29 அன்று 38 லட்சம் கார்களின் உரிமையாளர்களிடம், ஓட்டுநர் பக்க மேட்டை எடுத்துவிடும்படி டொயோட்டா கேட்டுக்கொண்டது. அது ரீகாலாக மாறி, பிறகு மேலும் விரிந்தது. தீர்வாகப் பெடலின் கீழ்முனையைச் சுமார் 2 சென்டிமீட்டர் வெட்டிக் குறைத்தார்கள். பிறகு நீளம் குறைந்த புதிய பெடல்கள் வந்தன. சில மாடல்களில் தரையின் வடிவத்தையும் மாற்றினார்கள்.

இரண்டாவது, பெடலின் உள்ளேயே இருந்த பழுது. இதற்கான ரீகால் 2010 ஜனவரி 21 அன்று வந்தது. அமெரிக்காவில் 23 லட்சம் கார்கள். மின்னணு ஆக்சிலரேட்டரில் கேபிள் கிடையாது. கேபிள் இழுவை இல்லாவிட்டால் பெடல் காற்றை மிதிப்பதுபோல இலகுவாக இருக்கும் என்பதால், பழைய பெடல் போன்ற கனம் தெரிவதற்காக உள்ளே வேண்டுமென்றே ஓர் உராய்வு அமைப்பு வைத்திருந்தார்கள். இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த சிடிஎஸ் நிறுவனம் தயாரித்த பெடல்களில், அந்த உராய்வுப் பரப்பு தேய்ந்து ஈரமும் படியும்போது அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டது. பெடல் மெதுவாகத் திரும்பும். சில சமயம் பாதியிலேயே நின்றுவிடும். முழு வேகத்தில் சிக்குவது மேட் சிக்கலின் இயல்பு என்றால், மிதித்த இடத்திலேயே நின்றுவிடுவது இதன் இயல்பு.

டீலர்கள் வைத்த சின்ன இரும்புத் துண்டு உண்மையான தீர்வா, கண்துடைப்பா?

உண்மையான தீர்வுதான். பெடலைக் கழற்றி, உராய்வுப் பகுதிக்கும் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து, அந்த அளவுக்கு ஏற்ற தடிமனில் எஃகுத் தகட்டைச் செருகுவார்கள். ஒரே அளவுத் தகடு எல்லாக் காருக்கும் அல்ல. தகடு உட்கார்ந்ததும் பரப்புகள் உரசும் அளவு குறையும், பெடலைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங்கின் விசை கூடும். அரை மணி நேர வேலை.

ஆனால் தொலைக்காட்சியில் அந்தத் தகட்டைப் பார்த்த மக்கள், "இவ்வளவு பெரிய பிரச்சினைக்கு இந்தத் துண்டா?" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டதில் தவறில்லை. எந்தப் பழுதுக்கு எந்தத் தீர்வு என்பதை நிறுவனம் தெளிவாகச் சொல்லவில்லை. சுமார் 17 லட்சம் கார்கள் இரண்டு ரீகால்களிலும் இருந்தன. ஒரு வேலையை முடித்துக்கொண்டு, இரண்டும் முடிந்தது என்று நம்பிய உரிமையாளர்கள் இருந்தார்கள்.

விற்பனையையே நிறுத்தினார்களா?

ஆம். 2010 ஜனவரி 26 அன்று கேம்ரி, கொரோலா, மேட்ரிக்ஸ், ராவ்4, அவலான், ஹைலேண்டர், டண்ட்ரா, செக்கோயா ஆகிய எட்டு மாடல்களின் விற்பனையை அமெரிக்காவில் நிறுத்தியது டொயோட்டா. வட அமெரிக்காவில் ஐந்து ஆலைகளின் உற்பத்தியும் சில நாள் நின்றது. இதை நிறுவனத்தின் பெருந்தன்மையாகப் பார்த்தவர்கள் உண்டு. பழுது தெரிந்தும் தீர்வு கையில் இல்லாதபோது புதிய கார்களை விற்க அமெரிக்கச் சட்டம் இடம் தராது என்பதுதான் உண்மை.

எல்லா கேம்ரியிலும் சிடிஎஸ் பெடல் இல்லை. ஜப்பானில் தயாரானவற்றில் டென்சோ என்ற வேறொரு நிறுவனத்தின் பெடல் இருந்தது. காரின் அடையாள எண் 'ஜே' என்ற எழுத்தில் தொடங்கினால் அந்தக் கார் பெடல் ரீகாலில் வராது. பயந்துபோயிருந்த உரிமையாளர்களுக்கு அந்த நாள்களில் அதிகம் உதவிய தகவல் இதுதான்.

"கார் ஓட்டாதீர்கள்" என்று அமைச்சரே சொன்னாரா?

சொன்னார், அன்றே மாற்றியும் சொன்னார். 2010 பிப்ரவரி 3 அன்று பிரதிநிதிகள் சபைக் குழு ஒன்றின் முன் பேசிய போக்குவரத்து அமைச்சர் ரே லஹூட், ரீகால் ஆன காரை ஓட்டுவதை நிறுத்திவிட்டு டீலரிடம் கொண்டுபோங்கள் என்றார். நியூயார்க்கில் டொயோட்டா பங்கு சரிந்தது. டீலர்களின் தொலைபேசிகள் ஓயவில்லை. சில மணி நேரத்தில், தாம் தவறாகச் சொல்லிவிட்டதாகவும் சந்தேகம் இருந்தால் டீலரிடம் காட்டுங்கள் என்பதே தம் கருத்து என்றும் அவர் திருத்தினார்.

ரீகால் காலத்தில் அரசின் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லும் கார் வைத்திருப்பவருக்குக் கட்டளை மாதிரி. வேலைக்குப் போக வேறு வழியில்லாதவர் அந்தச் சில மணி நேரத்தில் என்ன செய்வார்? அமைச்சரின் நோக்கம் நல்லதுதான், ஆனால் அந்த வாக்கியம் பொறுப்பற்றது.

காங்கிரஸ் விசாரணைகளில் என்ன நடந்தது?

மூன்று அமர்வுகள் முக்கியமானவை. பிப்ரவரி 23 அன்று ஹென்றி வாக்ஸ்மன் தலைமையிலான எரிசக்தி, வணிகக் குழு. பிப்ரவரி 24 அன்று எடோல்ஃபஸ் டவுன்ஸ் தலைமையிலான மேற்பார்வைக் குழு. மார்ச் 2 அன்று ஜே ராக்ஃபெல்லர் தலைமையிலான செனட் வணிகக் குழு.

முதல் நாளில் டொயோட்டாவின் அமெரிக்க விற்பனைப் பிரிவுத் தலைவர் ஜிம் லென்ட்ஸிடம், இந்த ரீகால்கள் பிரச்சினையை முழுமையாகத் தீர்க்குமா என்று கேட்டார்கள். முழுமையாக அல்ல என்று பதில் வந்தது. அன்றே இன்னொன்றும் வெளிப்பட்டது: டொயோட்டாவின் விபத்துத் தரவுப் பெட்டியில் பதிவானதைப் படிக்கக்கூடிய மடிக்கணினி அமெரிக்கா முழுக்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்ற நிறுவனங்களின் பெட்டிகளைக் காவல்துறையே கடையில் வாங்கிய கருவியால் படிக்க முடிந்த காலம் அது. விபத்தில் பிரேக் மிதிபட்டதா இல்லையா என்பதற்கான சான்றே நிறுவனத்தின் கையில் பூட்டியிருந்தது.

இரண்டாம் நாள் தலைவர் அகியோ டொயோடா நேரில் வந்தார். முதலில் தாம் வராமல் வட அமெரிக்கப் பிரிவுத் தலைவர் யோஷிமி இனாபாவை அனுப்புவதாக இருந்தார். டவுன்ஸ் முறைப்படி அழைப்பு அனுப்பிய பிறகே சம்மதித்தார். தாம் நிறுவனரின் பேரன், ஒவ்வொரு காரிலும் தம் பெயர் இருக்கிறது என்றார். பாதுகாப்பு, தரம், எண்ணிக்கை என்ற முன்னுரிமை வரிசை வேகமான வளர்ச்சியில் குழம்பிவிட்டதை ஒப்புக்கொண்டார். சாட்சியத்திலேயே எடை கூடிய பகுதி இதுதான் என்பது எங்கள் கருத்து. அதற்கு அப்புறம் மின்னணுப் பழுது உண்டா இல்லையா என்று உறுப்பினர்கள் மணிக்கணக்கில் கேட்டதில் புதிதாக எதுவும் வெளிவரவில்லை.

நிறுவனத்தின் உள் ஆவணங்கள் என்ன சொல்லின?

காங்கிரஸ் ஆணையிட்டுப் பெற்ற ஆவணங்களில் 2009 ஜூலையில் தயாரான ஒரு விளக்கக்காட்சி இருந்தது. மேட் தொடர்பான விசாரணையைச் சிறிய ரீகாலோடு முடித்துக்கொண்டதால் 10 கோடி டாலருக்கு மேல் மிச்சம் என்று அதில் வெற்றிக் கணக்காக எழுதியிருந்தார்கள். அந்தச் "சிறிய ரீகால்" 2007 செப்டம்பரில் நடந்தது. 55,000 மேட்களை மட்டும் திரும்பப் பெற்றார்கள், பெடலைத் தொடவில்லை. சான்டி விபத்து அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.

2010 ஜனவரி நடுவில் அமெரிக்க மக்கள் தொடர்பு அதிகாரி ஒருவர், பெடலில் இயந்திரப் பழுது இருப்பதை இனி மறைக்க முடியாது, வெளியே சொல்லிவிட வேண்டும் என்று சக அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தார். மக்கள் கோபத்துக்குச் சரியான இலக்கு எது என்று கேட்டால் இந்த ஆவணங்களைத்தான் காட்டுவோம்.

அரசியல்வாதிகள் எல்லோரும் டொயோட்டாவுக்கு எதிராக நின்றார்களா?

இல்லை. கென்டக்கி, இந்தியானா, மிசிசிப்பி, அலபாமா ஆகிய நான்கு மாநில ஆளுநர்கள், டொயோட்டாவை நியாயமாக நடத்துங்கள் என்று காங்கிரஸுக்குக் கடிதம் எழுதினார்கள். டொயோட்டா தங்கள் மாநிலங்களில் தந்த வேலைகளே காரணம். கேம்ரி தயாராவது கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு வாதமும் இருந்தது. அப்போது ஜெனரல் மோட்டார்ஸின் 60 சதவீதப் பங்கு அமெரிக்க அரசிடம் இருந்தது. போட்டி நிறுவனத்தின் உரிமையாளரே நீதிபதியாகவும் இருக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. ஜெனரல் மோட்டார்ஸும் சும்மா இருக்கவில்லை, டொயோட்டாவைக் கொடுத்துவிட்டு வருவோருக்கு 1,000 டாலர் சலுகை அறிவித்தது. கேள்வி நியாயமானது. ஆனால் பின்னால் வெளிவந்த ஆவணங்கள் எவையும் வாஷிங்டனில் புனையப்பட்டவை அல்ல.

ஜப்பானில் எப்படிப் பார்த்தார்கள்?

அமெரிக்கா மிகைப்படுத்துகிறது என்ற முணுமுணுப்பு இருந்தது. ஆனால் அரசு டொயோட்டாவுக்கு அரணாக நிற்கவில்லை. போக்குவரத்து அமைச்சர் சேய்ஜி மேஹாரா, வாடிக்கையாளரின் இடத்திலிருந்து பார்க்கும் அக்கறை நிறுவனத்திடம் போதவில்லை என்று வெளிப்படையாகக் குறைகூறினார். டொயோட்டாவின் புதிய பிரியஸ் ஹைபிரிட் காரின் பிரேக் குறித்த புகார்கள் ஜப்பானிலேயே குவிந்தது அதற்கு ஒரு காரணம். பிப்ரவரி 9 அன்று பிரேக் மென்பொருளைத் திருத்த உலகம் முழுக்க 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைபிரிட் கார்கள் அழைக்கப்பட்டன. அகியோ டொயோடா நாகோயாவில் செய்தியாளர்களைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டது பிப்ரவரி 5 அன்றுதான். இரண்டு வாரம் தாமதம் என்று ஜப்பானியப் பத்திரிகைகளே எழுதின.

மின்னணுக் கோளாறுதான் காரணமா? நாசா என்ன சொன்னது?

போக்குவரத்துத் துறை கேட்டுக்கொண்டதன் பேரில் நாசா பொறியாளர்கள் பத்து மாதம் ஆய்ந்தார்கள். 2,80,000 வரிக்கு மேற்பட்ட மென்பொருள் குறியீட்டைப் படித்தார்கள். மின்காந்த அலைகளால் கார்களைத் தாக்கிப் பார்த்தார்கள். 2011 பிப்ரவரி 8 அன்று வந்த முடிவு: த்ராட்டில் (இன்ஜினுக்குள் காற்றை விடும் தடுக்கு) முழுக்கத் திறந்து கார் பாயும் அளவுக்கு மின்னணுக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. பழுதான ஒரு பெடல் சென்சாரில் வெள்ளீயத்திலிருந்து மயிரிழை போல வளர்ந்த உலோக நுண்ணிழை மின்குறுக்கு உண்டாக்கியதைக் கண்டார்கள். அது பெடலைத் துள்ளச் செய்யும், ஆனால் காரைப் பாயவைக்காது என்றார்கள். கிடைக்கவில்லை என்பதால் இருக்கவே முடியாது என்று ஆகாது என்பதையும் அறிக்கை சொல்லியிருந்தது.

இதற்கு மாறான தீர்ப்பும் உண்டு. 2013 அக்டோபரில் ஓக்லஹோமா நடுவர் குழு, 2005 கேம்ரி ஒன்றின் விபத்துக்கு மின்னணு த்ராட்டில் அமைப்பின் குறையே காரணம் என்று கண்டு 30 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. கண்காணிக்கும் பணிகள் தாமே நின்றுபோனால் அதைப் பிடிக்கும் பாதுகாப்பு அந்த மென்பொருளில் போதாது என்று வல்லுநர் சாட்சியம் அளித்தார். தண்டனை இழப்பீட்டுக் கட்டத்துக்கு முன் டொயோட்டா சமரசம் செய்துகொண்டது.

அப்படியென்றால் புகார்களில் பெரும்பாலானவை என்ன?

2010 ஆகஸ்டில் அரசு ஆய்ந்த 58 தரவுப் பெட்டிகளில் 35-இல் பிரேக் மிதிபடவே இல்லை. பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிப்பது பதற்றத்தில் எவருக்கும் நேரக்கூடியது. இதற்காக அவர்களைப் பொய்யர் என்பது அநியாயம். செய்தி பரவியதும் புகார் பெருகுவதும் புதிதல்ல. 1986-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பிறகு ஆடி 5000 காருக்கு இதே நிலை வந்தது. 1989-இல் அரசு ஆய்வு பெடல் குழப்பமே காரணம் என்று சொல்வதற்குள் அமெரிக்காவில் ஆடி விற்பனை படுத்துவிட்டது. ஆனால் "எல்லாம் ஓட்டுநர் தவறு" என்று டொயோட்டா விவகாரத்தை மூடவும் முடியாது. மேட்டும் பெடலும் கையில் எடுத்துக் காட்டக்கூடிய பழுதுகள்.

கடைசியில் தண்டனை எவ்வளவு?

2010 ஏப்ரலில் 1 கோடியே 63 லட்சத்து 75 ஆயிரம் டாலர் அபராதம். ஒரு விதிமீறலுக்கு அன்றைய சட்டத்தின் உச்சவரம்பே அவ்வளவுதான். பழுது தெரிந்த ஐந்து வேலை நாளுக்குள் அரசுக்குச் சொல்ல வேண்டும் என்ற விதியை மீறியதற்காக அது விதிக்கப்பட்டது. டிசம்பரில் மேலும் 3 கோடியே 24 லட்சம் டாலர். கார்களின் மறுவிற்பனை மதிப்பு குறைந்ததற்காக உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் 100 கோடி டாலரைத் தாண்டிய சமரசம்.

பெரிய அடி 2014 மார்ச் 19 அன்று. 120 கோடி டாலர் கட்டி, மூன்று ஆண்டு வெளிக் கண்காணிப்பாளரையும் ஏற்றுக்கொண்டு, குற்ற வழக்கைத் தள்ளிவைக்கும் ஒப்பந்தத்தில் டொயோட்டா கையெழுத்திட்டது. குற்றச்சாட்டு மின்வழி மோசடி. அதாவது பழுதான கார் செய்ததற்கு அல்ல. மேட் ரீகாலோடு மூலகாரணம் தீர்ந்துவிட்டது என்று மக்களிடம் சொன்னபோது, ஒட்டும் பெடலைப் பற்றித் தெரிந்திருந்தும் மறைத்ததற்கு. ஐரோப்பிய விநியோகஸ்தர்களுக்கு அந்தப் பெடலைச் சரிசெய்யும் குறிப்பு 2009 செப்டம்பரிலேயே போயிருந்தது. அமெரிக்கர்களுக்கு நான்கு மாதம் கழித்துத்தான்.

சட்டம் மாறியதா?

காங்கிரஸில் 2010-இல் கொண்டுவந்த வாகனப் பாதுகாப்பு மசோதா நிறைவேறவில்லை. விசாரணைக் கேமராக்கள் அணைந்ததும் வேகமும் அணைந்தது. அபராத உச்சவரம்பு 2012 சட்டத்தால் 3.5 கோடி டாலராகவும், 2015 சட்டத்தால் 10.5 கோடி டாலராகவும் ஏறியது. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் சேர்ந்து மிதிபட்டால் பிரேக்குக்கே முதலிடம் தரும் அமைப்பை அரசு விதியாக்க முன்மொழிந்தது. அது விதியாகவே இல்லை. டொயோட்டா அதைத் தானாகவே அமெரிக்க மாடல்கள் அனைத்திலும் கொண்டுவந்தது.

ஓடும்போது ஆக்சிலரேட்டர் சிக்கினால் என்ன செய்வது?

பிரேக்கை ஒரே மூச்சில் பலமாக மிதித்து அப்படியே பிடியுங்கள். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. பெட்ரோல் காரில் பிரேக்குக்குத் துணைவிசை தருவது இன்ஜினின் வெற்றிட உறிஞ்சல். த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்கும்போது அது கிடைக்காது. சேமிப்பில் உள்ளது இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். இஎஸ்350-ஐ அரசு ஆய்வகம் சோதித்தபோது, வழக்கமாக 30 பவுண்டு விசையில் நிற்கும் கார் அந்த நிலையில் 150 பவுண்டுக்கு மேல் கேட்டது.

மிதித்தபடியே கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். இன்ஜின் உறுமும், பயப்பட வேண்டாம். ஓரம் கட்டி நின்ற பிறகு இன்ஜினை அணையுங்கள். நியூட்ரல் விழாவிட்டால் ஓடும்போதே அணைக்கலாம். பொத்தான் வகையில் மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு தட்டு போதாது. சான்டி கார் இந்த வகைதான், அந்த மூன்று விநாடி விஷயம் பலருக்குத் தெரியாது என்பதும் விசாரணையில் பேசப்பட்டது. சாவி வகையில் ஒரு படி மட்டும் திருப்புங்கள். 'லாக்' வரை போனால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

மேட் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இன்ஜினை அணைத்துவிட்டு ஆக்சிலரேட்டரைத் தரை வரை கையால் அழுத்துங்கள். அடிமுனை மேட்டைத் தொடக் கூடாது. இரண்டு கொக்கிகளும் மாட்டியிருக்க வேண்டும். ஒரு மேட்டின் மேல் இன்னொன்று கூடவே கூடாது. மழைக்காலத்தில் பலர் செய்வது இதுதான். கழுவிப் போடும்போது தலைகீழாகப் போட்டால் கொக்கி பிடிக்காது. வேறு மாடலின் மேட் எவ்வளவு நன்றாகப் பொருந்துவதுபோலத் தெரிந்தாலும் வேண்டாம்.

அமெரிக்காவில் அந்தக் காலத்து டொயோட்டாவைப் பழையதாக வாங்கலாமா?

வாங்கலாம். 17 இலக்க அடையாள எண்ணை அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாக (NHTSA) இணையதளத்தில் இட்டால் நிலுவையில் உள்ள ரீகால்கள் தெரியும். இந்தச் சேவை 2014 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. ரீகால் கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்குப் போயிருக்கும், எனவே கை மாறிய கார்களில் வேலை நடக்காமல் இருக்க வாய்ப்பு அதிகம். பழைய கார் விற்பவர் ரீகாலை முடித்துத்தான் விற்க வேண்டும் என்று நாடு தழுவிய கட்டாயம் இல்லை. இலவசப் பழுதுநீக்கம் சட்டப்படி 15 ஆண்டு வரைதான்; அதைத் தாண்டிய கார் என்றால் டீலரிடம் கேட்டுப் பாருங்கள். பெடலின் அடிமுனை வெட்டப்பட்டிருக்கிறதா, அல்லது நீளம் குறைந்த புதிய பெடல் இருக்கிறதா என்று குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.